குடிநீரும் விழிப்பும்: ஹாம்பர்க் முதல் வாக்கர்ட்டன் வரை

தன் வீட்டுக் கிணற்றில் நீர் இறைப்பவர் அந்தக் கிணற்றைக் கண்ணால் காண்கிறார். சுவர் இடிந்தாலும் நீர் கலங்கினாலும் அவருக்கு உடனே தெரிந்துவிடும். ஊர்ப் பொதுக்குழாயின் நீரை அருந்துபவரின் நிலை வேறு. அந்நீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எவ்வாறு தூய்மை செய்யப்பட்டது, அதனைக் காத்தவர் தம் கடமையைச் செய்தாரா என்பதையெல்லாம் அவர் அறியார். அறியாத ஒருவர்மீது வைத்த நம்பிக்கையினாலேயே அவர் குவளையை வாயருகே கொண்டு செல்கிறார். அந்த நம்பிக்கை பொய்க்குமானால் துன்பம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை; ஊர் முழுவதும் ஒரே நாளில் அதற்கு ஆளாகிறது.

பொதுக் குடிநீரைக் காக்கும் கலையை மனித சமுதாயம் எளிதில் கற்றுவிடவில்லை. ஒவ்வொரு பாடத்திற்கும் உயிர்களே விலையாயின. அப்பாடங்களுள் தலையாய இரண்டை இரு நகரங்கள் தந்தன. ஒன்று, 1892ஆம் ஆண்டு வாந்திபேதியால் சிதைந்த ஜெர்மனியின் ஹாம்பர்க் பெருநகரம். மற்றொன்று, 2000ஆம் ஆண்டு நோயுற்ற கனடா நாட்டின் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூர். இடையே 108 ஆண்டுகள் கழிந்திருந்தும், இரண்டிலும் வேராக இருந்த குறை ஏறத்தாழ ஒன்றே.

மணல் வடிகட்டியின் தோற்றம்

ஆற்று நீரை மணற்படுகையின் வழியே மெல்ல இறங்கவிட்டுத் தெளிவாக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஜான் கிப் என்பவர் 1804இல் தம் துணி வெளுக்கும் தொழிலுக்காக வடிகட்டி ஒன்றை அமைத்து, எஞ்சிய நீரை ஊராருக்கு விற்றார். 1829இல் ஜேம்ஸ் சிம்ப்சன் என்னும் பொறியாளர் லண்டனில் செல்சி நீர்வழங்கல் நிறுவனத்திற்குப் பெரிய மணல் வடிகட்டியைக் கட்டினார். நீர் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே இவர்களின் நோக்கம். நோய்க்கும் நீருக்கும் உள்ள தொடர்பு அப்போது நிறுவப்படவில்லை. துர்நாற்றம் கொண்ட காற்றே வாந்திபேதியைப் பரப்புகிறது என்று மருத்துவ உலகின் பெரும்பகுதி நம்பியது.

அந்த நம்பிக்கையை அசைத்தவர் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர். 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவியபோது, மாண்டவர்களின் வீடுகளை ஆராய்ந்து, பிராட் தெருவின் கைப்பம்பே நோய்க்கு ஊற்று என்று அவர் காட்டினார். செப்டம்பர் 8ஆம் நாள் அப்பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. அவருடைய மற்றோர் ஆய்வு இதனினும் வலியது. தென் லண்டனில் இரு நிறுவனங்கள் ஒரே தெருக்களில் நீர் வழங்கி வந்தன. அவற்றுள் லாம்பெத் நிறுவனம் நீர் எடுக்கும் இடத்தை நகரக் கழிவுகள் கலவாத மேற்பகுதிக்கு முன்னரே மாற்றியிருந்தது, மற்றது மாற்றவில்லை. ஸ்நோவின் கணக்கின்படி, லாம்பெத் நீரை அருந்திய 10,000 வீடுகளுக்கு 37 பேர் இறந்தனர். மற்ற நிறுவனத்தின் நீரை அருந்திய 10,000 வீடுகளுக்கு இறந்தவர் 315 பேர். தெருவும் காற்றும் ஒன்றாக இருக்க, நீர் மட்டுமே வேறுபட்டது.

ஒரே ஆறு, இரு நகரங்கள்

1892இல் ஹாம்பர்க், ஜெர்மானியப் பேரரசின் செல்வம் மிக்க துறைமுக நகரம். 1842இல் நகரின் பெரும்பகுதி தீக்கிரையானபின், வில்லியம் லிண்ட்லி என்னும் ஆங்கிலப் பொறியாளர் அங்கு நீர்வழங்கல் அமைப்பை நிறுவினார். எல்பே ஆற்றிலிருந்து நகருக்கு மேற்புறத்தில் நீர் எடுக்கப்பட்டு, தேக்கங்களில் வண்டல் படியவிடப்பட்டு, வடிகட்டப்படாமலே வீடுகளுக்கு அனுப்பப்பட்டது. கடல் ஏற்றத்தின்போது நகரின் கழிவுநீர் நீர் எடுக்கும் இடம் வரை பின்னோக்கி வருவதுண்டு. குழாய்களுக்குள் சிறு உயிரினங்கள் பல வாழ்ந்தன. கார்ல் கிரெப்பெலின் என்னும் விலங்கியல் அறிஞர் 1880களில் அவற்றை வகைப்படுத்தி நூலே எழுதினார். அந்நூல் வெளிவந்த பின்னரும் நகரம் அதே நீரைத்தான் அருந்தியது.

ஹாம்பர்க்கை ஒட்டியே இருந்தது ஆல்ட்டோனா நகரம். இன்று அது ஹாம்பர்க்கின் ஒரு பகுதி. அன்று பிரஷ்ய அரசுக்கு உட்பட்ட தனி நகரம். அது நீர் எடுத்த இடம் ஆற்றின் கீழ்ப்புறம். ஹாம்பர்க்கின் கழிவும் தன் கழிவும் கலந்து வந்த நீரே அதற்குக் கிடைத்தது. நீர் மிகவும் மாசுபட்டிருந்ததால், ஆல்ட்டோனா 1859 முதலே மணல் வடிகட்டிகளை அமைத்துக்கொண்டது.

ஹாம்பர்க்கிலும் வடிகட்டி வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகள் நடந்தது. செலவை யார் ஏற்பது, வீடுதோறும் நீர் அளக்கும் மீட்டரைக் கட்டாயமாக்கலாமா என்ற வாதங்களில் காலம் கழிந்தது. இறுதியில் பணி தொடங்கப்பட்டது. அது முடிவதற்குள் 1892 ஆகஸ்ட் மாதத்தில் வாந்திபேதி வந்துவிட்டது.

தொடக்க நாட்களில் நகர அதிகாரிகள் நோயின் பெயரைச் சொல்லவே தயங்கினர். துறைமுகத்தை மூடினால் வணிகம் கெடும் என்பதே அச்சம். அந்த நாட்களிலும் நீர் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. நோயின் கிருமியை 1884இல் கல்கத்தாவின் குளத்து நீரில் கண்டறிந்த ராபர்ட் கோக் பெர்லினிலிருந்து அனுப்பப்பட்டார். நீரைக் காய்ச்சி அருந்துமாறு மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்குள் நோய் நகர் முழுவதும் பரவியிருந்தது. சில வாரங்களில் சுமார் 17,000 பேர் நோயுற்றனர். அவர்களுள் சுமார் 8,600 பேர் மாண்டனர். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 13 பேர் என்பது அந்த இழப்பின் அளவு. ஆல்ட்டோனாவில் அது ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 2 பேர். அங்கு இறந்தவர்களிலும் பலர் ஹாம்பர்க்கில் வேலை செய்து நோயை வாங்கி வந்தவர்கள்.

இரு நகரங்களின் எல்லை ஒரு தெருவின் நடுவே சென்றது. ஹாம்பர்க் பக்கத்து வீடுகளில் நோய் இருந்தது. எதிர்ப்பக்கத்து ஆல்ட்டோனா வீடுகளில் பெரும்பாலும் இல்லை. ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் ஆல்ட்டோனாவின் குழாயில் நீர் பெற்ற ஒரு குடியிருப்புத் தொகுதி நோயின்றித் தப்பியது. வானமும் மண்ணும் மக்களின் தொழிலும் வறுமையும் ஒன்றாகவே இருந்தன. நடுவே நின்று காத்தது ஒரு மணற்படுகை. காற்றையும் மண்ணையும் காரணமாகக் கூறிவந்த முதிய அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், தம் கொள்கையை நிலைநாட்ட அதே ஆண்டு அக்டோபரில் வாந்திபேதிக் கிருமியைத் தாமே அருந்திக் காட்டினார். சிறு வயிற்றுப்போக்கோடு அவர் பிழைத்துக்கொண்டார். எனினும், எல்லைத் தெருவின் சான்றை அச்செயலால் மறைக்க முடியவில்லை. ஹாம்பர்க்கின் வடிகட்டி நிலையம் 1893 மே மாதம் இயங்கத் தொடங்கியது.

குளிர்காலத்தில் வந்த எச்சரிக்கை

ஹாம்பர்க்கின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். உண்மையில் இதற்குப்பின் நடந்ததே பெரிய பாடம்.

1893ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆகஸ்டில் தப்பிய அதே ஆல்ட்டோனாவில் வாந்திபேதி தலைகாட்டியது. கோக் அதன் காரணத்தைத் தேடினார். மணல் வடிகட்டியில் மணலின் மேற்பரப்பில் நாளடைவில் மெல்லிய பசைப்படலம் ஒன்று படியும். நுண்ணுயிர்கள் நிறைந்த அந்தப் படலமே நோய்க்கிருமிகளைப் பெரிதும் தடுத்து நிறுத்துகிறது. படலம் தடித்து நீர் இறங்குவது தாமதமானால் அதனைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுப்படலம் உருவாகும் வரை பொறுத்திருக்க வேண்டும். அந்தக் கடுங்குளிரில் துப்புரவு செய்யப்பட்ட படுகை ஒன்றில் உறைபனியால் மணற்பரப்பு சீர்குலைந்தது. நீர் முறையாக வடிகட்டப்படாமல் கீழிறங்கி, மற்றப் படுகைகளின் நல்ல நீருடன் கலந்து ஊருக்குச் சென்றது. வெளியே பார்ப்பவருக்கு வடிகட்டி அதே வடிகட்டியாகவே தோன்றியது.

கோடையில் பல்லாயிரவரைக் காத்த அமைப்பே குளிர்காலத்தில் ஒரு படுகையின் குறையால் நோயை உள்ளே விட்டது. இதிலிருந்து கோக் சில விதிகளை வகுத்தார். ஒவ்வொரு படுகையின் நீரையும் தனித்தனியே, நாள்தோறும் சோதிக்க வேண்டும். வடிகட்டிய நீரின் ஒரு மில்லிலிட்டரில் வளரும் நுண்ணுயிர்கள் 100ஐத் தாண்டலாகாது. நீர் மணலில் இறங்கும் வேகம் மணிக்கு 100 மில்லிமீட்டரை மீறலாகாது. தவறிய படுகையின் நீரைத் தனியே வெளியேற்ற வழி இருக்க வேண்டும். வடிகட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்ட காலம் போய், வடிகட்டி இன்று வேலை செய்கிறதா என்று நாள்தோறும் கேட்கும் காலம் அப்போது தொடங்கியது.

குளோரின் வருகை

மணற்படுகை ஒரு தடுப்பு. ஒரு தடுப்பு தவறினாலும் மற்றொன்று காக்க வேண்டும் என்ற எண்ணம் அடுத்து வலுப்பெற்றது. 1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் டைஃபாய்டு காய்ச்சல் பரவி 130க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, நீர்க்குழாய்களைக் குளோரின் கலந்த வெளுக்கும் பொடியின் கரைசலால் கழுவித் தூய்மை செய்தனர். 1902இல் பெல்ஜியத்தின் மிடல்கெர்க்கே நகரில் குளோரின் நிலையான முறையாகப் புகுத்தப்பட்டது. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்கு நீர் வழங்கிய நிலையத்தில் மருத்துவர் ஜான் லீல் 1908 செப்டம்பரில் இதனைத் தொடங்கினார். குடிநீரில் வேதிப்பொருள் கலப்பதா என்ற எதிர்ப்பு நீதிமன்றம் வரை சென்று, இறுதியில் அம்முறையே ஏற்கப்பட்டது.

குளோரினுக்கு மற்றொரு பயனும் உண்டு. கிருமிகளையும் அழுக்கையும் எதிர்கொள்ளும்போது அது செலவாகிறது. ஆகவே, நீரில் எஞ்சியிருக்கும் குளோரினின் அளவு திடீரெனக் குறைந்தால், எங்கோ மாசு நுழைந்துவிட்டது என்று பொருள். கிருமிச் சோதனையின் முடிவுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருக்க வேண்டும். எஞ்சிய குளோரினைச் சில நிமிடங்களில் அளந்துவிடலாம். அந்த அளவுதான் நாள்தோறும் ஒலிக்கும் எச்சரிக்கை மணி.

வாக்கர்ட்டன் கண்ட பிழை

அந்த மணியை ஒருவர் கேளாதிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வாக்கர்ட்டன் சான்று. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஏறத்தாழ 4,800 பேர் வாழும் அமைதியான விவசாய ஊர் அது. ஊருக்கு நீர் தந்த கிணறுகளுள் 5ஆம் எண் கிணறு ஆழம் குறைந்தது; அதன் மேல்மண் மெல்லியது; அருகிலேயே கால்நடைப் பண்ணை இருந்தது. அது மாசுக்கு எளிதில் ஆளாகக்கூடியது என்பது 1978இல் தோண்டப்பட்டபோதே தெரிந்திருந்தது.

2000ஆம் ஆண்டு மே மாதம் 8 முதல் 12 வரை பெருமழை பெய்தது. நிலத்தில் எருவாக இடப்பட்டிருந்த சாணத்தின் கிருமிகள் மழைநீரோடு கிணற்றில் இறங்கின. பண்ணைக்காரர் முறைப்படியே எருவிட்டிருந்தார். அவர்மீது குற்றமில்லை என்று பின்னர் நடந்த விசாரணை தெளிவுபடுத்தியது. தவறு வேறிடத்தில் இருந்தது. எஞ்சிய குளோரினை நாள்தோறும் அளக்க வேண்டிய பணியாளர்கள் அளக்கவில்லை. அளந்ததுபோல் ஏட்டில் எண்களை எழுதிவந்தனர். பல ஆண்டுகளாக இதுவே வழக்கம். கிணற்றுநீர் இயல்பாகவே தூயது என்று அவர்கள் உண்மையாகவே நம்பினர். குளோரின் இடாத நீரைத் தாமும் அருந்தினர். தீங்கு செய்யும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆயினும் தீங்கு நேர்ந்தது.

மே 17ஆம் நாள், நீரில் கிருமி உண்டு என்று ஆய்வுக்கூடம் நீர்வழங்கல் அலுவலகத்திற்கு மட்டும் தெரிவித்தது. பொதுச் சுகாதாரத் துறைக்கு அறிவிக்கும்படி அந்த ஆய்வுக்கூடத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அப்போது இல்லை. மக்கள் நோயுறுவதைக் கண்ட சுகாதாரத் துறையினர் 19ஆம் நாள் வினவியபோது, நீர் நன்றாக இருக்கிறது என்ற மறுமொழியே கிடைத்தது. ஐயம் தீராத அவர்கள், நீரைக் காய்ச்சி அருந்துமாறு 21ஆம் நாள் தாமே அறிவித்தனர். அந்த ஊரில் 7 பேர் உயிரிழந்தனர். 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நோயுற்ற குழந்தைகள் சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது.

நீதிபதி டெனிஸ் ஓ'கானர் நடத்திய விசாரணையின் அறிக்கைகள் 2002இல் வெளிவந்தன. பணியாளர்களின் பொய்க்கணக்கை மட்டும் அவர் குறை கூறவில்லை. கிணற்றின் பலவீனம் தெரிந்தும் இடையறாது அளக்கும் கருவியைப் பொருத்தச் செய்யாத அரசுத் துறையையும், ஆய்வுக்கூடச் சோதனையைத் தனியாரிடம் விட்டபின் அதற்குரிய விதியை வகுக்காத அரசையும் அவர் சுட்டினார். அக்கருவி இருந்திருந்தால் இத்துயரம் நேர்ந்திராது என்பது அவருடைய முடிவு. ஒரு பிழையால் மட்டும் ஊர் நோயுறவில்லை. கிணறு, குளோரின், அளவீடு, ஆய்வுக்கூடம், அறிவிப்பு என்று அடுத்தடுத்து நின்ற ஐந்து காவல்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறியிருந்தன.

முன்னறிந்து காத்தல்

இத்தகைய பட்டறிவின் பயனாக, உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட குடிநீர் வழிகாட்டு நெறிகளில் 'நீர்ப் பாதுகாப்புத் திட்டம்' என்னும் முறையை முன்வைத்தது. 1960களில் விண்வெளி வீரர்களின் உணவு கெடாதிருப்பதற்காக வகுக்கப்பட்ட முறை ஒன்றே இதற்கு முன்னோடி. விண்வெளியில் உணவு கெட்டபின் அறிந்து பயனில்லை. ஆகவே உணவு தயாராகும் ஒவ்வொரு படியிலும் என்ன தவறு நேரலாம் என்று முன்கூட்டியே எண்ணிக் காக்க வேண்டியிருந்தது.

குடிநீருக்கும் அதே நியாயம் பொருந்தும். கிருமிச் சோதனையின் முடிவு வருமுன் நீர் அருந்தப்பட்டுவிடுகிறது. ஆதலால் நீர்பிடிப்பு நிலம், கிணறு அல்லது ஏரி, வடிகட்டி, குளோரின், தொட்டி, குழாய், வீட்டுக்குடம் என்னும் வழி முழுவதையும் வரைந்துகொண்டு, ஒவ்வோரிடத்திலும் நேரக்கூடிய கேடு யாது, அதனைத் தடுப்பது எது, அத்தடுப்பு செயல்படுவதை யார் எப்போது பார்ப்பார், தவறினால் உடனே செய்ய வேண்டியது யாது என்று எழுதி வைத்து நடப்பதே இத்திட்டம். 1893இல் கோக் ஒவ்வொரு மணற்படுகைக்கும் விதித்ததை இது முழு வழிக்கும் விரிக்கிறது.

வடிகட்டும் துணியும் அதன் எல்லையும்

நீரை வடிகட்டி அருந்துவதை இல்லறத்தாரின் ஒழுக்கமாகவே கொண்ட ஜைன சமுதாயத்திற்கு இவ்வரலாறு அயலானதன்று. மடித்த தடித்த துணியில் நீரை வடித்து, துணியில் தங்கிய உயிர்களை நீர் எடுத்த இடத்திலேயே கொண்டு விடுவது பண்டை மரபு. நீர்வாழ் உயிர்களுக்கு இரங்குவதே அதன் நோக்கம். அந்த இரக்கம் அருந்துபவரின் உடலையும் காத்தது என்பதற்குத் தற்காலச் சான்று உண்டு. வாந்திபேதிக் கிருமி, நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரிகளின்மேல் ஒட்டி வாழ்கிறது. பங்களாதேஷின் மத்லாப் பகுதியில் ரீட்டா கால்வெல் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், பழைய சேலைத் துணியை நான்காக மடித்து நீரை வடித்த கிராமங்களில் வாந்திபேதி ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்தது.

இதில் பெருமை கொள்ளும்போதே எஞ்சிய பாதியையும் எண்ண வேண்டும். துணி சிலவற்றைத் தடுக்கிறது, எல்லாவற்றையும் தடுப்பதில்லை. எதிலும் ஒட்டாமல் தனித்து நீந்தும் கிருமிகள் துணியின் இழைகளுக்கிடையே சென்றுவிடும். ஆன்றோர் துணியோடு நின்றுவிடவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. வடித்த நீருக்கு ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடமே எல்லை என்றும், அதன்பின் மீண்டும் வடிக்க வேண்டும் என்றும், நன்கு காய்ச்சிய நீருக்கு 24 மணி நேரம் எல்லை என்றும் மரபு வகுத்துள்ளது. ஒருமுறை தூய்மை செய்த நீர் என்றும் தூயதாகவே இருக்கும் என்ற மயக்கத்திற்கு அங்கு இடமில்லை. ஆல்ட்டோனாவின் பொறியாளர்கள் 1893இன் குளிர்காலத்தில் கற்றதும் இதுவே.

தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, உள்ளடக்கியே கூறுகிறது. கொல்லும் எண்ணம் இல்லாதவர்களும் கவனமின்மையால் உயிருக்கு ஊறு செய்பவர் ஆகலாம். அளக்காத எண்ணை ஏட்டில் எழுதிய வாக்கர்ட்டன் பணியாளர்களின் செயலை இதனினும் தெளிவாக விளக்க இயலாது. செலவைக் காட்டி ஆண்டுகளைத் தள்ளிப்போட்ட ஹாம்பர்க் பெருமக்களின் செயலும் இதன்பாற்பட்டதே.

தேர்த்திருவிழாவிலும் அன்னதானத்திலும் பல ஊர்களிலிருந்து வரும் நூற்றுக்கணக்கானோர் ஒரே தொட்டியின் நீரை அருந்துகின்றனர். அவர்களுள் முதியோரும் கைக்குழந்தைகளும் நோன்பு முடித்தவர்களும் உண்டு. அத்தொட்டி கடைசியாக என்று கழுவப்பட்டது என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். அதன் மூடி இறுக மூடியிருக்க வேண்டும். கிணற்றுக்கும் கழிவறைக்குழிக்கும் இடையே போதிய தொலைவு இருப்பதைப் பார்க்க வேண்டும். குளோரின் இட்ட குழாய்நீரில், அருந்துமிடத்தில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். சிறிய சோதனைப்பெட்டி ஒன்றால் இதனை எவரும் அளந்துவிடலாம். திருவிழாவின் ஒவ்வொரு காலையிலும் ஒருவர் அதனை அளந்து, கண்ட எண்ணை உள்ளபடியே எழுதி, குறைந்திருந்தால் உடனே குழாயை மூடச் சொல்லும் உரிமையும் பெற்றிருந்தால், அவ்விழாவுக்கு வந்தோர் அனைவரும் அவருடைய காவலில் இருப்பர்.